விண்டோஸ் 7 மறுபடி போட்டபின் அப்டேட் தேடிக்கொண்டே நிற்கிறது, என்ன செய்வது?

இதற்கு வந்த பதில்கள் எல்லாமே "விண்டோஸ் 11 வாங்கு", "லினக்ஸுக்கு மாறு" ரகம். கேட்டவர் அதையா கேட்டார்? ஏதோ ஒரு பழைய மென்பொருளுக்காகத்தான் நீங்கள் 7-ஐ விடாமல் வைத்திருப்பீர்கள், என் கதையும் அதுதான்.

காரைக்குடியில் சின்ன அச்சகம். முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகை. பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், அதைத் தட்ட ஒரு 16 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸில் அது ஓடாது, விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. புது விண்டோஸுக்குள்ளேயே பழையதை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் போடலாமே என்று யாராவது வருவார்கள். 2 ஜிபி ராம் உள்ள பெட்டியில் வந்து போட்டுக் காட்டுங்கள், காபி என் செலவு.

ஆவணி முகூர்த்த நெருக்கடியில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க்கில் சர்வீஸ் பேக் 1 (2011-இல் வந்த அப்டேட் தொகுப்பு) சேர்ந்த டிவிடியிலிருந்து 7 போட்டேன், அது சீக்கிரம் முடிந்தது. அப்டேட் தேடலை ஓடவிட்டு ராத்திரி கடையைப் பூட்டினால் காலையிலும் அதே பச்சைக் கோடு. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், அப்டேட் தேடலைப் பின்னணியில் ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் பிராசஸரைத் தின்றுகொண்டிருந்தது. 2011-க்கு அப்புறம் வந்த நூற்றுக்கணக்கான அப்டேட்களில் எது எதை மாற்றியது என்று அந்தப் பழைய தேடல் நிரல் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுகிறது, அதனால்தான்.

தேடவே விடாதீர்கள். அப்டேட் அமைப்பில் 'ஒருபோதும் தேடாதே' என்று வைத்து நெட் கேபிளைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் கையால் போடும் கோப்பும் அதே தேடலில் மாட்டும். வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்துக்குப் போய், அப்டேட் எண்ணை (கேபி என்று தொடங்கும்) தேடி, உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து உரியதை இறக்குங்கள். முதலில் கேபி 3020369, அப்புறம் கேபி 3125574. இரண்டாவது 2016 ஏப்ரல் வரை வந்ததில் பெரும்பகுதியை ஒரே மூட்டையாகக் கொண்டது. பிறகு கேபி 4490628, கேபி 4474419. அப்டேட் கோப்பு அசல்தானா என்று சரிபார்க்கும் டிஜிட்டல் கையொப்ப முறையை 2019-இல் ஷா-2 என்ற புது முறைக்கு மாற்றினார்கள், இவை இல்லாமல் அதற்குப் பிந்தைய எதுவும் ஏறாது. ஒவ்வொன்றுக்கும் ரீஸ்டார்ட். அப்புறம் கேபிளைச் செருகித் தேடச் சொன்னால் டீ குடித்து வருவதற்குள் பட்டியல் வந்துவிட்டது.

2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்தது எனக்கும் தெரியும், பாதுகாப்பு வகுப்பு எடுக்க வராதீர்கள். அந்தப் பெட்டியில் பேங்க் வேலையோ மெயிலோ கிடையாது, அப்டேட் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட்டேன்.

உண்மையில் எனக்குத் தொல்லை தருவது விண்டோஸ் இல்லை, மேட்டர் அனுப்புகிறவர்கள். நகரத்தார் பத்திரிகை என்றால் கோயில், பிரிவு, விலாசம் (முகவரி இல்லை, பெயருக்கு முன் வரும் குடும்ப எழுத்துகள்), ஊர் எல்லாம் சரியாக வர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிட்டு சிங்கப்பூரில் தூங்கப் போய்விடுகிறார்கள். புரூஃப் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அச்சடித்த பிறகு பெரியப்பா விலாசத்தில் ஓர் எழுத்து விட்டுப்போச்சு என்று போன் வரும். அந்தக் காகிதக் காசை யார் தருவது?

சரி, உங்கள் விஷயம். எல்லாம் ஏறியதும் கன்ட்ரோல் பேனல் பேக்கப்பில் சிஸ்டம் இமேஜ் (விண்டோஸும் மென்பொருள்களும் அப்படியே சேர்ந்த முழு நகல்) எடுத்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். பிரவுசர் வேண்டுமென்றால் குரோம் 109-தான் 7-க்குக் கடைசி.