வலிப்புக்கான கீட்டோ டயட்டை நிறுத்திய பிறகு பிள்ளை உயரத்தில் எட்டிப்பிடிக்குமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். மகளுக்கு 7 வயது. மருந்துக்கு அடங்காத பிட்ஸுக்காக நாலு வயதில் 4:1 கீட்டோ டயட் (கொழுப்பு மிக அதிகமும் மாச்சத்து மிகக் குறைவுமான சாப்பாட்டு முறை, 4:1 கணக்கைக் கீழே சொல்கிறேன்) தொடங்கி, இரண்டு வருஷத்துக்கு மேல் கொடுத்து, நிறுத்தி எட்டு மாதமாகிறது. பிட்ஸ் திரும்பவில்லை. உயரம் 109 செ.மீ., எடை 17 கிலோ. வகுப்பில் இவள்தான் கட்டை. ஹட்டன் பக்கத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். இனி வளருவாளா?

வளருவாள். டயட் நின்றதும் பெரும்பாலான பிள்ளைகளில் முதலில் எடையும், சில மாதம் கழித்து உயரமும் ஏறத் தொடங்குகின்றன. ஆனால் இழந்த உயரம் முழுவதும் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த ஒன்றிரண்டு வருஷம் தட்டில் என்ன விழுகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தோட்டப்புறத்தில் சறுக்குவதும் அங்கேதான்.

வளர்ச்சி ஏன் குறைந்தது என்று முதலில் பார்ப்போம். இதற்கு ஒரே காரணம் கிடையாது. மாச்சத்து மிகக் குறைந்தால் உடலில் இன்சுலின் குறைகிறது. அதோடு, எலும்பை நீளச் செய்யும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் இறங்குகிறது. கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் இரத்தத்தில் எவ்வளவு உயரமோ, வளர்ச்சி அவ்வளவு மந்தம் என்பதைச் சுவீடனில் பார்த்திருக்கிறார்கள். கீட்டோன் ஓர் அமிலம். அது நீண்டகாலம் இருந்தால், சமன் செய்ய எலும்பிலிருந்து காரம் எடுக்கப்படுகிறது. டொபிரமேட் என்ற பிட்ஸ் மருந்தும் கூடவே இருந்தால் அமிலம் இன்னும் கூடும், பசியும் குறையும். புரதம் போதாமை இதற்கு மேல் வரும் காரணம். இங்கிலாந்தில் 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், புரதம் கொஞ்சம் தாராளமாக உள்ள எம்சிடி (எளிதில் கீட்டோனாகும் ஓர் எண்ணெய்) வகை டயட்டில் இருந்த பிள்ளைகளும் ஒரு வருஷ முடிவில் உயரத்தில் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆகவே புரதத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, கீட்டோன் நிலைக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு உங்கள் மகளுக்கு எட்டு மாதத்துக்கு முன்பே நீங்கிவிட்டது. நான் நம்பிக்கையோடு பதில் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

கால அளவு இரண்டாவது காரணம். அமெரிக்காவில் ஆறு வருஷத்துக்கு மேல் இந்த டயட்டில் இருந்த 28 பிள்ளைகளைப் பற்றி 2006இல் எழுதினார்கள். அதில் 23 பேர், நூறு பேரை உயர வரிசையில் நிறுத்தினால் கடைசிப் பத்துக்குள் வரும் அளவுக்குக் கட்டையாக இருந்தார்கள். இரண்டு வருஷம் அந்தக் கணக்கில் வராது. மிகச் சிறு வயதில், குறிப்பாகக் கைக்குழந்தையில் தொடங்கியவர்களுக்கே பாதிப்பு அதிகம். நாலு வயதில் தொடங்கியவளுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பழைய மெனுக் கொப்பி வீட்டில் இருந்தால் எடுத்து ஒரு கணக்குப் பாருங்கள். இன்னும் டயட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை அவசியம் பார்க்க வேண்டும். 4:1 என்றால் 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாச்சத்தும் சேர்த்து 1 கிராம். கொழுப்பு 36 கலோரி, மற்றது 4 கலோரி, ஆக ஓர் அலகு 40 கலோரி. நாளுக்கு 1000 கலோரி என்றால் 25 அலகு: கொழுப்பு 100 கிராம், புரதமும் மாச்சத்தும் சேர்ந்து 25 கிராம். அந்த 25இல் புரதம் 15 கிராம் இருந்தால், 100 கலோரிக்கு 1.5 கிராம் வருகிறது. உயர வளர்ச்சி தடைப்படாமல் இருக்க வேண்டிய அளவு அதுதான், 1.4க்குக் கீழே இறங்கக் கூடாது. பிள்ளை காய்கறி கேட்கிறாள் என்று மாச்சத்தை 13 ஆக்கினால் புரதம் 12க்கு இறங்கிவிடும். விகிதம் 4:1 ஆகவே இருக்கும், சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டியும் அதே கடும் நிறம் காட்டும், பிட்ஸும் வராது. ஆனால் உயரம் நின்றுவிடும். யாரும் கவனிக்காமல் போவது இப்படித்தான். அதே 1000 கலோரியை 3:1க்கு மாற்றினால் புரதத்துக்கும் மாச்சத்துக்கும் 32 கிராம் இடம் கிடைக்கும், புரதம் 20 கிராம் கொடுக்கலாம். பிட்ஸ் அடங்கியிருந்து உயரம் நிற்கிறது என்றால், டயட்டை உடைக்காமல் விகிதத்தை இறக்க முடியுமா என்று வைத்தியரிடமும் டயட்டீஷியனிடமும் கேளுங்கள். உயரத்துக்குப் பயந்து ஒரே நாளில் சோற்றைக் கொடுத்துவிடாதீர்கள், பிட்ஸ் கொத்தாகத் திரும்பலாம். நிறுத்துவதானால் வழக்கமாக இரண்டு மூன்று மாதம் எடுத்து, 3:1, 2:1, 1:1 என்று இறக்குவார்கள்.

டயட்டில் இருக்கும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எடைக் கோடு பச்சைப் பட்டியை விட்டு இறங்கியதும் கிளினிக்கில் திரிபோஷ சத்துமா கொடுப்பார்கள். அவர்கள் செய்வது முறைதான். ஆனால் திரிபோஷவின் அடிப்படை சோளமும் சோயாவும், மாச்சத்து நிறைந்தது. கீட்டோ பிள்ளைக்கு அது ஆகாது. டயட் பற்றிய வைத்தியர் கடிதத்தின் நகலைப் பதிவேட்டுக்குள் ஒட்டி வைத்தால், மிட்வைப் மிஸ்ஸுக்கும் பிள்ளைக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) ஆயாவுக்கும் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்காது.

இனி அளப்பது. வளர்ச்சி குறைவு என்ற பயத்தில் பாதி, பிழையான அளவிலிருந்து வருகிறது. லயத்துச் சுவர் நேராக இருக்காது, தரையும் மேடுபள்ளம். நேரான கதவு நிலையைத் தேர்ந்து, கீழே சமமான பலகை போடுங்கள். செருப்பு, தொப்பி வேண்டாம். கொண்டையை அவிழ்த்து, இரட்டைப் பின்னலைத் தோளில் விட்டுவிடுங்கள். குதிகால், பிட்டம், தோள், பின்தலை நான்கும் நிலையைத் தொட வேண்டும், பார்வை நேரே. கடினமான அட்டைக் கொப்பியைத் தலையில் செங்கோணமாக வைத்து அடிப்பக்கத்தில் கோடு போடுங்கள். இரண்டு முறை அளந்து, அரை சென்டிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும், மாலையில் ஒரு சென்டிமீற்றர் வரை குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். மாதாமாதம் அளந்தால் கிடைப்பது வளர்ச்சியல்ல, அளவுப் பிழை.

7 வயதுப் பெண் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நடு அளவு சுமார் 121 செ.மீ. கட்டை என்று சொல்லும் எல்லை சுமார் 110. உங்கள் மகள் அந்த எல்லையில் கொஞ்சம் கீழே நிற்கிறாள். ஆனால் இந்த ஓர் எண்ணைவிட வேகம்தான் முக்கியம். இந்த வயதில் சாதாரண பிள்ளை வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளரும். மகளும் 6 செ.மீ. வளர்ந்தால் நல்லதுதான், ஆனால் அது எட்டிப்பிடிப்பது ஆகாது, அதே இடைவெளியோடு கூடவே போவதுதான். எட்டிப்பிடிக்க 7, 8 செ.மீ. வேண்டும். ஆறு மாதத்தில் 3.5 செ.மீ. கண்டால் சரியான பாதை. வருஷத்துக்கு 4க்குக் கீழே என்றால் காத்திருக்க வேண்டாம்.

டயட் தொடங்கும் முன் எப்படி இருந்தாள் என்பதையும் பதிவேட்டில் பாருங்கள். 2016 குடிசனவியல், சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32 வீதம். ஆகவே நாலு வயதிலேயே கோடு கீழே இருந்திருந்தால் எல்லாப் பழியையும் டயட்டின் மேல் போட முடியாது. பெற்றோர் உயரத்தில் கணக்குப் போடும் முறையும் உண்டு: அப்பாவின் உயரத்தில் 13 செ.மீ. கழித்து, அம்மாவின் உயரத்தைக் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 162, அம்மா 150 என்றால் மகளுக்கு சுமார் 149.5. (ஆண் பிள்ளைக்கு 13ஐக் கூட்ட வேண்டும்.) ஆனால் நம் தோட்டங்களில் இந்தக் கணக்கை நான் முழுதாக நம்புவதில்லை. அம்மாமார் பலர் தங்கள் சிறுவயதில் போதிய சாப்பாடு இல்லாமல் கட்டையானவர்கள். அந்த உயரத்தை மகளின் தலையெழுத்தாக எடுக்க வேண்டாம்.

டயட்டில் இருந்தபோது புரதத்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்தீர்கள். முட்டை, கோழி, நெத்தலி எல்லாம் கிராம் கணக்கில் போனது. டயட் நின்ற அன்றே தராசு அலுமாரிக்குப் போகிறது, பிள்ளையும் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறாள். காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் கோவா சுண்டலும், மாலையில் சீனி போட்ட சாயத்தண்ணியும் பிஸ்கட்டும், இரவில் மறுபடி ரொட்டி. இத்தனை நாள் இனிப்புக்கு ஏங்கியவள் என்று சொந்தக்காரர்கள் டொபி வேறு வாங்கி வருவார்கள். எடை சடசடவென்று ஏறும், எல்லாருக்கும் சந்தோஷம். உயரம் அசையாது. கோதுமை மாவிலும் புரதம் இல்லாமல் இல்லை, 100 கிராமில் 10 கிராம் அளவு இருக்கிறது. ஆனால் அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்போ, கடலையோ, முட்டையோ சேர்ந்தால்தான் அந்தப் புரதம் முழுதாக உடம்புக்கு உதவும்.

17 கிலோ பிள்ளைக்கு அடிப்படைத் தேவை நாளுக்கு சுமார் 17 கிராம் புரதம். எட்டிப்பிடிக்க 25 முதல் 30 கிராம் வரை போங்கள். பெரிய செலவில்லாமல் முடியும். ஒரு முட்டை 6 கிராம். மைசூர்ப் பருப்பு 30 கிராம், வேகுமுன் நிறுத்தது, 7 கிராம். சோயா மீற் காய்ந்ததாக 20 கிராம், 10 கிராம் புரதம். 200 மில்லி பால் 6 முதல் 7 கிராம். இந்த நான்கும் ஒரு நாளில் போனால், சோறு ரொட்டியை விட்டே கணக்கு நிறைந்துவிடும். பருப்பைத் தண்ணீராக வடித்து ஊற்றாமல் கட்டியாகவே வையுங்கள், பருப்புத் தண்ணீரில் புரதம் மிகக் குறைவு. நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பைக் களைந்து, முள்ளோடு பொரித்துக் கொடுத்தால் கல்சியமும் சேரும். இரண்டு வருஷம் சின்னத் தட்டில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஒரு கோப்பை சோற்றை ஒரே முறையில் சாப்பிட மாட்டாள். மூன்று வேளையை ஐந்தாக்குங்கள். வேளைக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் கலந்தால் 40 கலோரி, தட்டின் அளவு கூடாது. இரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருந்திருந்தால் மட்டும் அதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். சாயத்தண்ணியைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் கொடுங்கள். விலை உயர்ந்த புரத மாப் பேணிகள் தேவையில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

டயட்டோடு கொடுத்த கல்சியத்தையும் விற்றமின் டியையும் டயட் நின்ற கையோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எலும்பின் கனிமம் குறைந்திருக்கும் நேரம் இது. வேகமாக நீளப்போகும் எலும்புக்கு இப்போதுதான் அவை அதிகம் தேவை. பினோபார்பிட்டோன், பெனிட்டோயின், கார்பமசெப்பின் ஆகிய பிட்ஸ் மருந்துகள் விற்றமின் டியைக் குறைப்பவை. மாதக்கணக்கில் மூடுபனியும், வெயில் வந்தாலும் சுவெட்டரும் என்று இருக்கும் மலைநாட்டில் வெயிலை மட்டும் நம்ப முடியாது. இரத்தத்தில் விற்றமின் டி பார்த்துவிட்டு எவ்வளவு காலம் தொடர்வது என்று முடிவெடுக்கச் சொல்லுங்கள். சின்ன விழுகைக்கே எலும்பு முறிந்தாலோ, கால் வலி என்று நடக்க மறுத்தாலோ உடனே சொல்ல வேண்டும். விலாவுக்குக் கீழே வலி, சிவந்த சிறுநீர் என்றால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.

பிள்ளை வளரும்போது மருந்தின் அளவும் கூடவே வளர வேண்டும் என்பதையும் கவனியுங்கள். 17 கிலோவுக்குக் கணித்த வல்ப்ரோயேட் என்ற பிட்ஸ் மருந்து 21 கிலோவுக்குப் போதாமல் போகலாம். அப்போது ஒரு பிட்ஸ் வந்தால், சோறு கொடுத்ததால்தான் வந்தது என்று வீட்டில் பயந்து பழையபடி பட்டினி போடுவார்கள். அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் புதிய எடையோடு போய் மருந்தின் அளவைச் சரிபாருங்கள். டயட்டால் பிட்ஸ் முழுதாக நின்ற பிள்ளைகளிலும் ஐந்தில் ஒருவருக்கு அளவில் நிறுத்திய பிறகு திரும்ப வரலாம். வந்தாலும் அதற்கு வழி உண்டு, வளர்ச்சியைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

நிறுத்தி ஒரு வருஷம் ஆகும்போது வேகம் 4 செ.மீ.க்குக் கீழே இருந்தால், பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ, கொழும்பு லேடி றிட்ஜ்வே வைத்தியசாலைக்கோ, சிறுவர் அகஞ்சுரப்பு (ஹோர்மோன்) வைத்தியரிடம் போகக் கடிதம் கேளுங்கள். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது, தைரொயிட், ஐஜிஎஃப்-1, இரத்தத்தின் அமில நிலையைக் காட்டும் பைகார்பனேட் பார்ப்பார்கள். எலும்பின் வயது உண்மையான வயதைவிடப் பிந்தியிருந்தால் அதற்குக் கலங்க வேண்டாம், வளர இன்னும் காலம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால் அதுதான் அவசரம், எலும்பின் வளரும் முனை சீக்கிரம் மூடிக்கொள்ளும். போகும்போது பதிவேடு, பழைய மெனுக் கொப்பி, திகதியோடு எழுதிய உயர அளவுகள், இப்போதைய மருந்துச் சீட்டு நான்கையும் கொண்டு போங்கள்.