சீனாய் மலை எங்கே போயிற்று? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பைபிளில் 136ஆம் சங்கீதத்தை, அந்த நன்றிப்பாட்டை, வாசித்துக்கொண்டிருந்தேன். செங்கடல் பிளக்கிறது, எகிப்து ராஜா பார்வோன் கவிழ்கிறான், ஒரு வரியில் வனாந்தரம், உடனே சீகோன், ஓக் என்ற ராஜாக்கள். நடுவில் சீனாய் மலையே இல்லை. இடியும் புகையுமாகக் கடவுள் இறங்கிவந்து கட்டளைகள் கொடுத்ததை ஒரு நன்றிப்பாட்டு எப்படி விட்டுவிடும்? அந்தக் கதையே பின்னால் சேர்த்தது என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கவனித்தது சரி. 136 மட்டுமல்ல, 105, 135 இரண்டிலும் அந்த மலை கிடையாது. அறுவடையின் முதற்பலன் கூடையோடு வருகிறவன் சொல்லவேண்டிய அறிக்கை மோசேயின் ஐந்தாம் நூலான உபாகமம் 26இல் இருக்கிறதே, அதுவும் எகிப்திலிருந்து நேராகப் பாலும் தேனும் ஓடும் தேசத்துக்கு வந்துவிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட் 1938இல் இதை வைத்துத்தான், எகிப்து விடுதலையும் சீனாயும் தனித்தனி மரபுகளாக வளர்ந்து பிறகு ஒன்றாகச் சேர்ந்தவை என்று வாதிட்டார். உங்கள் நண்பர் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கலாம். ஆனால் அவர் மிகப் பழையதென்று நம்பிய அந்த அறிக்கையின் மொழியே உபாகமத்தின் மொழிதான், அதை அவ்வளவு பழையதாகக் கொள்ள முடியாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். எனக்கும் ஃபான் ராட் வாதம் ஒப்பவில்லை. ஒரு பாட்டு ஒன்றைச் சொல்லவில்லை என்பதால் பாடியவனுக்கு அது தெரியாது என்று ஆகிவிடாது.

105ஐ முடித்த கையோடு 106ஐ வாசித்துப் பாருங்கள். அதே பழங்கதைதான், ஆனால் இது பாவ அறிக்கை, "எங்கள் பிதாக்களைப்போல நாங்களும் தவறினோம்" என்று சொல்லும் குரல். அங்கே மலை வந்துவிடுகிறது! ஓரேபிலே கன்றுக்குட்டிச் சிலை செய்து வணங்கினார்கள் என்று. (சீனாயைத்தான் உபாகமம் பெரும்பாலும் ஓரேப் என்கிறது.) கட்டளை கொடுத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை, அதை மீறியது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

நெகேமியா 9 இதைவிட ஆழமானது, எனக்கு மிகவும் பிடித்த அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பிய ஜனங்கள் ஏழாம் மாதம் 24ஆம் நாள் இரட்டு உடுத்தி, தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டு கூடுகிறார்கள், நாளில் கால் பங்கு நியாயப்பிரமாணத்தை, அதாவது கடவுள் கொடுத்த சட்டத்தை, வாசிக்கிறார்கள், இன்னொரு கால் பங்கு பாவத்தை அறிக்கையிடுகிறார்கள். அந்த நீண்ட ஜெபத்தில் நீர் சீனாய் மலையில் இறங்கினீர், செம்மையான நீதிநியாயங்களைக் கொடுத்தீர், பரிசுத்த ஓய்வுநாளைத் தெரியப்படுத்தினீர் என்று எல்லாம் வருகிறது. அப்புறம் கன்றுக்குட்டி, கடைசியில், எங்கள் பிதாக்களுக்கு நீர் கொடுத்த இதே தேசத்தில் இன்று நாங்கள் அடிமைகள் என்ற வரி. சட்டம் கொடுத்ததை அவர்கள் ஒரு பரிசாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதைச் சொல்ல வாய் வருவது அதைக் காக்கவில்லை என்று அழும் நாளில்தான். வெற்றிப்பாட்டில் ஏன் அது இல்லை என்பதற்கு நான் காணும் காரணம் இது.

சரி, தீர்க்கதரிசினி தெபொராளின் வெற்றிப்பாட்டில் சீனாய் வருகிறதே என்று கேட்பீர்கள். நியாயாதிபதிகள் 5இலும் 68ஆம் சங்கீதத்திலும் வருகிறது, உண்மைதான். ஆனால் அங்கே பூமி அதிர்கிறது, வானம் பொழிகிறது, கடவுள் போருக்குப் புறப்படுகிறார். கற்பலகை இல்லை, கட்டளை இல்லை. தீர்க்கதரிசி எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போகிறபோதும் காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, பிறகு ஒரு மெல்லிய குரல், அவ்வளவுதான், புதுச் சட்டம் ஒன்றும் கிடைப்பதில்லை.

இன்னொன்று. நினைவுகூர்வது என்றால் பழையதை அப்படியே ஒப்பிப்பது என்று அவர்கள் நினைக்கவில்லை. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் 20 சொல்லும் காரணம் ஆறு நாள் படைப்பு. அதே கட்டளையை உபாகமம் 5இல் மோசே திரும்பச் சொல்லும்போது காரணம் மாறிவிடுகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், இந்த உடன்படிக்கையைக் கர்த்தர் நம் பிதாக்களோடு அல்ல, இன்று இங்கே உயிரோடிருக்கிற நம்மோடு செய்தார் என்கிறார். கேட்டு நிற்பவர்களோ வனாந்தரத்தில் பெற்றோரைப் புதைத்துவிட்டு வந்தவர்கள், அவர்களில் பலர் ஓரேபில் நின்றபோது சிறுபிள்ளைகள், மற்றவர்கள் பிறக்கவே இல்லை.