பாப்பா பழைய ஃபிலிமைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளா?

அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாப்பா ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வரலாறு கடைசி வருஷம், அடுத்து பி.எட் என்று நீங்கள் முடிவு செய்து வைத்திருக்க, அவளோ பழைய படச்சுருள், ஒலிநாடா இதையெல்லாம் பாதுகாக்கிற வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். "இந்து நகர் ஃபேக்டரியில் ஃபிலிம் செய்தவன் நான், அது முடிந்த கதை என்று எனக்குத் தெரியாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். 1967-ல் உற்பத்தி ஆரம்பித்து 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் அனுப்பிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் (ஹெச்.பி.எஃப்.) ஃபேக்டரி இன்று பூட்டிக் கிடக்கிறது. ஆனால் நின்றது ஃபிலிம் செய்வது மட்டும்தான். செய்ததெல்லாம் எங்கேயோ ஒரு பீரோவில், ஒரு நூலகத்து மூலையில், பெட்டிக்குள்ளேயே கெட்டுக்கொண்டிருக்கிறது.

எப்படிக் கெடுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பாப்பாவுக்காகச் சொல்கிறேன். அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் ஈரமும் சூடும் பட்டால் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். பெட்டி மூடியைத் திறந்ததுமே வினிகர் வாடை மூக்கில் ஏறும், சுருள் ஓரங்கள் அலை அலையாக வளைந்திருக்கும். அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும் என்பதால் முதல் வேலையே அதைத் தனியே எடுத்து வைப்பது. ஊட்டிக் குளிர் ஃபிலிமுக்கு நல்லதுதானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். குளிர் சரி, ஆனால் ஆடி மாசம் நம் வீட்டு அலமாரியில் வைத்த தோல் செருப்பு என்ன கதியாகிறது? அதே பூஞ்சைக்கு ஃபிலிமின் மேல் பூசிய ஜெலட்டினும் நல்ல தீனி. குளிரோடு காற்றில் ஈரமும் கம்மியாக இருக்க வேண்டும், சுமார் 30 முதல் 50 சதவீதத்துக்குள்.

நாளெல்லாம் சினிமா பார்க்கிற வேலை என்று பாப்பா நினைத்துக்கொண்டிருந்தால் அதை இப்போதே போட்டு உடைத்துவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்து, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, சுருளைக் கையால் மெதுவாகச் சுற்றி, கிழிந்த ஓரத்துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்ட வேண்டும். 35 எம்.எம்.-ல் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், 1000 அடிச் சுருள் திரையில் ஓடுவது 11 நிமிஷம், மேஜையில் அது பாதி நாளைத் தின்றுவிடும். இதைச் செய்ய ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? முதல் தமிழ்ப் பேசும்படம் 1931-ல் வந்த காளிதாஸ், அதற்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது.

ஒலிப் பக்கம் இன்னும் பொறுமை வேண்டும். என் கதையையே சொல்கிறேன். தாத்தாவின் 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு ஒன்றைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அந்தத் தட்டில் இருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் அரக்கு கரையும் என்கிற சின்ன விஷயம் எனக்குத் தெரியவில்லை. துணியில் கறுப்புக் கறை, தட்டில் இரைச்சல், அவ்வளவுதான் மிச்சம். இந்த வேலையில் தெரியாமல் காட்டுகிற அக்கறை ஈரத்தைவிட மோசம்.

சரி, படிப்புக்கு வருவோம். என் யோசனை பி.எட் வேண்டாம், நூலக அறிவியலில் பி.லிப் ஒரு வருஷம், எம்.லிப் ஒரு வருஷம். நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, தபால் வழியிலும் படிக்கலாம். முடித்து நெட் தகுதித் தேர்வு எழுதினால் கல்லூரி நூலகர் வழி திறக்கும், அரசு நூலகர் தேர்வும் எழுதலாம். ஆக, ஃபிலிம் பக்கம் ஒன்றும் அமையாவிட்டாலும் சோற்றுக்குக் குறையில்லை. கைவேலையைத் தனியாகத்தான் கற்க வேண்டும். மும்பையில் 2014-ல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் பயிலரங்குகள் நடத்துகிறது, 2017-ல் சென்னையிலேயே நடத்தினார்கள். 1964-ல் புனேயில் உருவான தேசியத் திரைப்படக் காப்பகம் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்.எஃப்.டி.சி.) கீழ் இருக்கிறது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இசைப் பதிவுகளுக்கென்றே குருகிராமில் ஏ.ஆர்.சி.இ. என்ற காப்பகம். இங்கெல்லாம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், சும்மா கேட்பதற்குக் காசா பணமா? அமெரிக்காவில் ராச்செஸ்டரில் இதற்கென்றே நல்ல பள்ளி இருக்கிறது, ஆனால் வீட்டை அடமானம் வைத்து முதலிலேயே அங்கே அனுப்பாதீர்கள். பல வேலைகள் திட்டம் இருக்கும்வரை ஒப்பந்தம், ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாது. இதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனசில்லை.

அப்புறம் சட்டம். படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் பதிப்புரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, லாபநோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பிரதியைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலில் சேமித்து வைக்கலாம். வைப்பது வேறு, ஊருக்குப் போட்டுக் காட்டுவது வேறு. அதோடு நம் மலையில் சட்டத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவில் பதிந்த கேசட் என்றால் யாருக்கும் போட்டுக் காட்டலாமாயிருக்கும். ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், சாவு வீட்டில் பாடியதைப் பெரியவர்களைக் கேட்காமல் வலையில் ஏற்றினால் அது பகிர்வு இல்லை, திருட்டு.

இவ்வளவும் சொன்னேன், பாப்பாவுக்கு இது நிலைக்குமா என்று எனக்கும் உங்களுக்கும் இப்போதைக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி. சொந்தக்காரர் வீட்டில் பத்து கேசட்டாவது பரணில் கிடக்கும், அதை ஒவ்வொன்றாக எடுக்கட்டும். பென்சில் விட்டுச் சுற்றி நாடாவை இறுக்கி, டெக்கில் ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் வேவ் ஃபைலாக, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் பதியட்டும், ஒலியைச் சுருக்கிவிடும் எம்.பி.3 வேண்டாம். 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷம் உட்கார்ந்தே ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது. பாடுவது யார், எந்த ஊர், எந்த வருஷம், பின்னால் இருமுவது யார், எல்லாவற்றையும் பாட்டிமாரைக் கேட்டு எழுதட்டும். பத்தும் முடித்த பிறகு பதினோராவதைத் தேடினால் பி.லிப் விண்ணப்பம் வாங்குங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்று. விளக்கில்லாத அறையில், கையால் தடவியே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஃபிலிமில் மருந்து பூசிய வேலையை நீங்கள் வீட்டில் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள், அவள் பதியட்டும். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள், நடுவில் கால் வந்தால் பதிவு போச்சு.