பாகு ஏன் பூக்கிறது?

கேள்வி: தலைமுறை தலைமுறையாகக் கெட்டி மிட்டாய் போடும் குடும்பங்களின் பழைய குறிப்புகளில், பாகில் 'எலுமிச்சை சில சொட்டு' என்று இருக்கிறதே. புளிப்புக்கு அது எப்படிப் போதும்?

பதில்: புளிப்புக்கு அல்ல, பாகு பூக்காமல், அதாவது கரைந்த சர்க்கரை மறுபடி படிகமாகாமல், இருப்பதற்கு. கொதிக்கும் பாகில் புளிப்பு சேர்ந்தால் சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடையும். இந்த இரண்டும் இடையில் புகுந்துகொண்டு சர்க்கரையைப் படிகமாகச் சேர விடாது. அதற்காகத் தாராளமாகப் பிழிந்துவிடக் கூடாது. சொட்டு கூடினாலோ, சிறுதீயில் நேரத்தை இழுத்தாலோ, உடைந்த பங்கு அதிகமாகி மிட்டாய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மறுநாளே பிசுபிசுக்கும். இந்த அளவு ஏட்டில் அடங்காது, கைப்பழக்கம்தான்.

1811-இல் கிர்கோஃப் என்ற வேதியியலாளர் ஸ்டார்ச்சை அமிலத்தில் கொதிக்கவைத்து இனிப்புப் பாகு எடுத்தார். அதன் வாரிசுதான் இன்றைய குளுக்கோஸ் சிரப். 1 கிலோ சர்க்கரைக்கு 350 மி.லி. தண்ணீர், 300 கிராம் சிரப் போட்டால் எலுமிச்சையே வேண்டாம்.

கேள்வி: சிரப் சேர்த்தும் பூத்துவிட்டது!

பதில்: பாத்திரத்தின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டிய நாலு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தால் போதும், மொத்தப் பாகும் மணல் மணலாகிவிடும். கொதி வந்ததும் 2 நிமிடம் மூடிவையுங்கள். ஆவியே ஓரத்தைக் கழுவிவிடும். சர்க்கரை கரைந்த பிறகு கரண்டி போடவே கூடாது. 150 டிகிரி செல்சியஸில் இறக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுக் கடியுங்கள். பல்லில் ஒட்டினால் இன்னும் பதம் வரவில்லை. படக்கென்று உடைந்தால் சரி. சிட்ரிக் அமிலம் சேர்ப்பதானால் பாகைக் கல்லில் ஊற்றிச் சற்று ஆறிய பிறகுதான்.

கேள்வி: இயந்திரம் வந்துதானே குடும்பத் தொழில் நொடித்தது?

பதில்: பாதி உண்மை. பாஸ்டனில் ஆலிவர் சேஸ் 1847-இல் செய்த வெட்டு இயந்திரம் வில்லை மிட்டாய்க்கானது. அதில் பாகு காய்ச்சும் வேலையே இல்லை. சர்க்கரை விலை இறங்கியதைத்தான் பெரிய மாற்றம் என்பேன். பீட்ரூட் சர்க்கரை வந்தது. பிரிட்டனில் 1874-இல் சர்க்கரை வரியும் போனது. மலிந்த சர்க்கரை ஆலைக்கு மட்டுமா, ஒற்றை அடுப்புக்காரருக்கும்தான் கைகொடுத்தது.

கேள்வி: பாகைக் கொக்கியில் மாட்டி இழுப்பது எதற்கு?

பதில்: காற்றேற்ற. ஒவ்வொரு மடிப்பிலும் நுண்ணிய குமிழிகள் சிக்கும். கண்ணாடி போலிருந்த பாகு பட்டு மாதிரி வெளுக்கும், கடிக்கவும் இலேசாகும். சூடு மிகுந்தால் கொக்கியிலிருந்து வழிந்துவிடும், ஆறினால் நடுவில் முறியும். கல்லில் ஓரம் முதலில் இறுகும். அதை அவ்வப்போது நடுவுக்கு மடித்துத் தள்ளி, மொத்தமும் ஒரே இளக்கத்துக்கு வந்ததும் மாட்டுங்கள்.