வசதி குறைந்த இடத்தில் நோயை மடக்குவது: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

காய்ச்சல், வயிற்றோட்டம், நுளம்பு பற்றி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். சமூக சுகாதாரத் துறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கிண்ணியா, ஓர் ஆசிரியை: 2017 டெங்குவில் எங்கள் ஊர் பட்ட பாடு தெரியும்தானே. புகை அடித்தும் ஏன் நிற்கவில்லை, சேர்?

புகை பறக்கிற நுளம்பை மட்டும்தான் கொல்லும், டீச்சர். தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் ஏறியதும் பொரித்துவிடும். அதனால் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, கிழமைக்கு ஒருமுறை உள்சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத வீட்டாரிடம் "சேமிக்காதீர்கள்" என்று சொல்வது நியாயமில்லை. மூடி வைக்கச் சொல்லலாம்.

அதே ஆசிரியை: பக்டீரியா ஏற்றிய நுளம்பை விடுகிறார்களாமே, உண்மையா?

உண்மை. வோல்பாக்கியா என்ற பக்டீரியா உடம்பில் இருந்தால், அந்த நுளம்பில் டெங்கு வைரஸ் பெருகுவது கடினம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் மட்டும் அந்த நுளம்புகளை விட்டார்கள். எந்தப் பாதி என்பதைக் குலுக்கல் முறைதான் தீர்மானித்தது. நுளம்பு விட்ட பக்கத்தில் டெங்கு 77 சதவீதம் குறைவு. அந்தக் குலுக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது இல்லாவிட்டால், மழை குறைந்ததால் டெங்கு குறைந்ததா, நுளம்பால் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூதூர், ஒரு மாணவன்: பெரிய ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்?

தம்பி, இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் சில அப்படியான இடத்தில்தான் நிரூபணமாகின. 1971-இல் மேற்கு வங்காளத்தின் பொங்கான் அகதி முகாமில் கொலரா. சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், அப்பச்சோடா கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார், உறவினர்களே ஊட்டினார்கள். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று நாம் வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனித் தூள் அந்த வழியில் வந்ததுதான்.

பங்களாதேஷில் இன்னொன்று நடந்தது. பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குளத்து நீரை வடித்தார்கள். கொலராக் கிருமி ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் துணியில் தங்கிவிட, கொலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. கொதிக்க வைக்க விறகு இல்லாத வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

நிலாவெளி, ஓர் அண்ணன்: மலேரியா ஒழிந்துவிட்டது என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஏன் இன்னும் இரத்தம் எடுக்கிறார்கள்?

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் தந்தது. ஆனால் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு எங்கும் போகவில்லை. 1963-இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. அதற்குப் பிறகு மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர, சில வருடங்களில் இலட்சக்கணக்கானோருக்கு வந்தது. ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ இருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், போன நாட்டின் பெயரை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

தம்பலகாமம், ஒரு விவசாயி: எலிக்காய்ச்சல் மாத்திரை போட்டால் போதுமா?

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தரும் மாத்திரையை வயலில் இறங்குமுன்பே தொடங்கி, அவர் சொல்லும் காலம் வரை கிழமைக்கு ஒருமுறை போடுங்கள், ஐயா. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. மாத்திரை போட்டாலும் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், பனடோலோடு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "வயலில் நின்றேன்" என்று சொல்லுங்கள்.

குச்சவெளி, ஓர் அம்மா: ஆராய்ச்சி என்று இரத்தம் எடுத்துப் போகிறார்கள். பிறகு ஒருவரும் வருவதில்லை. இனிக் கொடுக்கலாமா?

உங்கள் கோபம் சரிதான், அம்மா. இரத்தத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்பதைத் தமிழில் விளக்கி, விளக்கத் தாளும் தந்து, உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது. கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆராய்ச்சி முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? முடிவை ஊருக்கு வந்து எப்போது சொல்வீர்கள்? தெளிவான பதில் வந்தால் கொடுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.