லிஃப்டில் சொன்ன பதில்

வணக்கம் சார்,

எனக்கு வயது 27. யாரிடமாவது பேசவேண்டும் என்றால் முந்தின ராத்திரியே என்ன சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவேன். போன வாரம் லிஃப்டில் மேலதிகாரி "வேலை முடிஞ்சதா?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. வீட்டில் "கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஆகவில்லை. என்ன செய்யட்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த மேலதிகாரிக்கு இந்நேரம் அது மறந்தே போயிருக்கும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2000-இல் வெளியானது. போட்டுக்கொள்ளவே கூசும்படி ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது சுமார் நாலில் ஒருவர். அந்த ஒருவர் இருக்கிறாரே என்று இப்போது உங்கள் மனம் கேட்கும். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

ஒருமுறை மேடையில் பேச நின்றபோது, கை நடுங்குவது தெரியக்கூடாதென்று மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க நடுக்கம் முழங்கை வரை ஏறியது. விரலிடுக்கில் இருந்த குறிப்புத்தாள் மைக்கில் உரசி அரங்கு முழுக்கச் சரசரத்தது. அன்றைக்கு என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. காதில் அந்தத் தாள்தான் இருந்தது.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995-இல் எழுதியது ஏறக்குறைய இதைத்தான். பதற்றம் வந்ததும் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு நம் மீதே திரும்பிக்கொள்கிறது. மானத்தைக் காப்பாற்ற நாம் செய்யும் சின்னச் சின்னத் தற்காப்புகளே பதற்றத்துக்குத் தீனி போடுகின்றன. உங்கள் ராத்திரி ஒத்திகையும் அந்த வகைதான். லிஃப்டில் நீங்கள் பதில் சொன்னது அவர் கேட்ட கேள்விக்கு அல்ல, ராத்திரி நீங்களே தயாரித்து வைத்திருந்த கேள்விக்கு.

கூச்சம் வேறு, இது வேறு. இதற்குச் சமூகப் பதற்றம் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-லேயே இது தனி நோயாக இடம்பிடித்துவிட்டது. தூக்கம் கெடுகிற அளவுக்குப் போனால் ஒரு மருத்துவ உளவியலாளரைப் பார்த்துவிடுங்கள். நினைக்கும் விதத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. தற்காப்போடு ஒருமுறை, அதையெல்லாம் விட்டுவிட்டு ஒருமுறை என்று உங்களைப் பேசவைத்து, வீடியோ எடுத்து உங்களுக்கே போட்டுக் காட்டுவார்கள். உள்ளே அடித்த புயலில் பெரும்பகுதி திரையில் தெரியாது.

சரி, அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. அடுத்த முறை அவர் லிஃப்டில் ஏறினால் எதையும் தயார் செய்யாமல் நில்லுங்கள். என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுத வேண்டாம்.