விளாம்பழ வைன் தெளியாமல் கலங்கி நிக்குது: கல்லடி நண்பருக்கு

விளாம்பழக் கூழை அவிச்சு வைன் போட்டு ரெண்டு மாதம், மூணுதரம் துணியில வடிச்சும் கஞ்சித்தண்ணி மாதிரியே கிடக்கு எண்டு எழுதியிருந்தீங்க. முதல்ல அந்த வடிப்பை நிப்பாட்டுங்க. ஒவ்வொருதரமும் காத்துப் படும், வைன் காடியாகிப் போகும். கலங்கல் மட்டும் போகாது.

அவிச்சதிலதான் எனக்குச் சந்தேகம். விளாம்பழத்தில பெக்டின் எண்ட பசைச்சத்து கூட, அதில ஜாம் இறுகுறதும் அதாலதான். கொதிக்க வச்சா அது சாறோட கரைஞ்சு அடியில இறங்காமல் நிக்கும். ஒரு தேக்கரண்டி வைனில மருந்துக்கடை ஸ்பிரிட் நாலு தேக்கரண்டி விட்டுப் பாருங்க. கொஞ்ச நேரத்தில முட்டை வெள்ளைக்கரு நூல்நூலாத் திரளுற மாதிரி வந்தால் பெக்டின்தான். பார்த்ததும் கொட்டிருங்க, அது குடிக்கிற சாமான் இல்ல.

நூல் வந்தால் பெக்டினை உடைக்கிற பெக்டினேஸ் எண்ட நொதித் தூள் வேணும். நொதிச்சு முடிஞ்ச வைன் எண்டதால வழமையைவிடக் கூட, 4.5 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, ஆறின தண்ணியில கரைச்சு விடுங்க. பிரிட்ஜில வைக்காதீங்க, குளிரில அது மந்தமாகும். நம்மட கச்சான் காத்து வெக்கையே போதும். போன நத்தாருக்குப் போட்ட கொய்யா வைனுக்கு இதைத்தான் செஞ்சன். எட்டாம் நாள் ரோர்ச் அடிச்சுப் பார்த்தா மேல நாலு விரல் உயரத்துக்கு வெறுந்தேத்தண்ணி நிறத்தில தெளிஞ்சிருந்திச்சு. அவ்வளவு சந்தோசம்!

முழுக்க இறங்கினப்புறம் மண்டியைக் கலக்காமல் ரியூப்பால இழுங்க.

நூல் வராட்டி ஈஸ்ட்டாத்தான் இருக்கும். குமிழி நிண்டிருந்தால் ஒரு கிழமை பிரிட்ஜில வச்சாலே படியும். குமிழி வருதெண்டால் போத்தலை இறுக்கி மூடாதீங்க, வெடிக்கும்.